சூடான வண்டியை நிறுத்திப் பார்த்தேன்

மாப்ள,

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் டீசல் வாடை போகவில்லை. சாயங்காலம் இட்லியைப் பிட்டால் சட்னி மணக்க வேண்டிய இடத்தில் பெட்ரோல் பங்க் மணக்கிறது. "எட்டி உக்காருங்க, புள்ளத்தாச்சிப் பொண்ணுக்குக் கொமட்டுது" என்று என் வீட்டுக்காரி தட்டோடு என்னை வாசலுக்குத் தள்ளிவிட்டாள். வாசலில் நம்ம பிக்கப் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே தின்றேன். நீ போய்ப் பத்து மாசம் ஆகப்போகிறது. வாடை அடிக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நம்ம வண்டியின் சீக்கு உனக்குத் தெரியும். காலையில் ஜம்மென்று கிளம்பும். ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் போச்சு. அரை மணி நேரத்துக்குச் சாவியைத் திருகத் திருகக் கரகரக்குமே ஒழியப் பிடிக்காது. எஞ்சினுக்குள் டீசல் பீய்ச்சுகிற இஞ்செக்டர் நாலும் போய்விட்டது, மாற்றுங்கள் என்று மெக்கானிக் சொன்னார். நீ வேறு வைத்தியம் கண்டுபிடித்தாய். "நிறுத்துனாத்தானடா பிரச்சின? நிறுத்தாத." ரெண்டு வருசம் அப்படியே ஓட்டினோம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்கும்போதும் உறுமிக்கொண்டே நிற்கும். "என்னண்ணே, கொள்ளையடிச்சுட்டு ஓடப்போறீகளா?" என்று லோடுமேன்கள் கேட்பார்கள். நமக்கும் அதில் ஒரு பெருமை.

இப்போது மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இன்னும் பத்து நாள் என்று திண்டுக்கல் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு அந்தத் தேதி தெரியுமா? ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் வந்துவிடும் என்கிறார்கள் எல்லோரும். அது வரும். எனக்குத் தூக்கம் வரவேண்டுமே! மெக்கானிக்கிடம் கேட்டால் நாலு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். நாலு நாள் வண்டியில்லாமல் எப்படி இருப்பது? டீசல் பம்ப் ரிப்பேர் கடையில் டெஸ்ட் பண்ணின இஞ்செக்டர் நாலு வாங்கி வந்து, இன்று காலை வாசலிலேயே பிரித்துவிட்டேன்.

பத்தாவதை ரெண்டு தடவை எழுதியவன், எஞ்சினை ஒத்தையாகப் பிரித்தேன் என்றால் நீ சிரிப்பாய். முன்பெல்லாம் நீ கழற்றுவாய். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து யோசனை சொல்லுவேன். யோசனை இப்பவும் நிறைய இருக்கிறது, கழற்றத்தான் ஆள் இல்லை. நாலையும் உருவி எடுத்து வைத்த பிறகுதான் புத்தியில் உறைத்தது: இந்த நிமிசம் மகளுக்கு வலி எடுத்தால் இந்த வண்டி வெறும் தகரம்.

ஒவ்வொரு இஞ்செக்டரின் அடியிலும் மோதிரம் போல ஒரு செம்பு வாஷர் இருக்குமே. பழையது மூன்று வந்தது. நாலாவதைக் காணோம். எஞ்சினில் இஞ்செக்டர் உட்காருகிற குழிக்குள்ளேயே ஒட்டிக் கிடந்து, அதன்மேல் புதுசையும் போட்டால், இஞ்செக்டர் சரியாக உட்காராது, புகை பீறிடும். கீழே உருண்டிருக்குமோ என்று தென்னை மரத்தடிவரை தவழ்ந்து தேடினேன். மகள் நாற்காலியை விட்டு மெதுவாக எழுந்து வந்து, செல்போன் டார்ச்சைக் குழிக்குள் அடித்தாள்.

"அப்பா, மண்ணுல தேடாதீங்க. உள்ளதான் இருக்கு, ஓரம் மின்னுது."

"நல்லாப் பாத்தியாத்தா?"

"வயிறுதான் பெருசாயிருக்கு. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்து அதை நோண்டி எடுப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி குங்குமச் சிமிழோடு வந்தாள். "புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமலா மாட்டுவீக?" நான் கத்திய கத்தலில் அவள் சிமிழோடு அப்படியே நின்றுவிட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

நம்ம பழைய வேன் ஞாபகம் இருக்கிறதா? நீ மூடிகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவப் போனாய். நான் பக்தியாக நாலு இஞ்செக்டருக்கும் உச்சியில் திருநீறும் குங்குமமும் வைத்தேன். டீசல் போகிற வாயிலேயே. கன்னிவாடி ரோட்டில் கத்தரிக்காய் லோடோடு நின்றோம். நீ கழற்றிப் பார்த்தாய், உள்ளே சிவப்பாக இருந்தது. "ஏலே, இஞ்செக்டருக்கு நெத்தி எங்கடா இருக்கு?" என்றாய். ஆனால் வீட்டுக்கு வந்து, "மூடியத் தெறந்து போட்டது நாந்தான், உள்ள தூசி போயிருச்சு" என்று பழியை நீயே ஏற்றுக்கொண்டு முடித்துவிட்டாய். பாதி நிசம். மீதிப் பாதியை நீ கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

இன்று அவளிடம் நானே சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் ஒரு வார்த்த சொல்லலையே" என்றவள், பானெட்டில் பொட்டு வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மாட்டி முடித்து, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, பம்ப் கடைக்காரர் தன் கம்ப்யூட்டர் பெட்டியோடு வந்து புது இஞ்செக்டர் நம்பர்களை வண்டியில் ஏற்றிக் கொடுத்ததும் வண்டி பிடித்தது. மகள் கை தட்டினாள். எனக்குச் சந்தோசம் வரவில்லை. குளிர்ந்த வண்டி எப்பவும்தானே கிளம்பும்? சூடாக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆத்தூர் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போய், அந்த டீக்கடை முன்னால் நிறுத்தினேன். பத்து மாசமாக நான் திரும்பிப் பார்க்காமல் போன கடை.

அன்றைக்கு வண்டியை அணைத்தது நான்தான் மாப்ள. "புகை டீயில விழுகுதுண்ணே" என்று கடைக்காரர் சொன்னார். மரியாதைக்கு நிறுத்தினேன். அடுத்த வாய் டீ குடிப்பதற்குள் நீ நெஞ்சைப் பிடித்தாய். உன்னை ஏற்றி உட்கார வைத்துச் சாவியைத் திருகினேன். கரகர, கரகர. உன் சட்டையெல்லாம் வேர்வை. அப்படியும் நீ, "எறங்கித் தள்ளட்டுமாடா?" என்றாய். அப்புறம் ஒரு ஆட்டோ கிடைத்தது. முன்னாடியே வந்திருந்தாலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இன்று சாவியை அணைத்துவிட்டு, ஒரு டீயைக் கால் மணி நேரம் குடித்தேன். பிறகு ஏறித் திருகினேன். அரைத் திருகுக்கே பிடித்துக்கொண்டது. போனில் மகள், "ஸ்டார்ட் ஆச்சாப்பா?" என்றாள். ஆச்சு என்றேன்.

அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். புது இஞ்செக்டர் போட்டும் அது மட்டும் என்னைவிட்டு இறங்கவில்லை.

நாளையோ பத்து நாளிலோ மகள் அன்றைக்கு நீ உட்கார்ந்த அந்தச் சீட்டில் ஏறி உட்காருவாள். வண்டி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், முதலில் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன்.