பாலத்தின் நான்கு கண்கள்

அன்புள்ள சின்னுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், அவருடைய இருமல் எங்கள் இருவரையும்விட நலம். எங்களைக் கூட்டிப்போக வருவதாக மெயில் அனுப்பியிருந்தாய், வராதே. வெளியே போக ஆற்றுப்பாலம் ஒன்றுதான் வழி, அதை நேற்று மூடிவிட்டார்கள். அணையின் மண்கரையில் கசிவு, மழையும் விட்டபாடில்லை. அணை உடைந்தால் கீழே எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். உடைப்பு எவ்வளவு அகலம், எவ்வளவு சீக்கிரம் விரியும் என்று ஊகித்து, வெள்ளத்தின் உச்சத்தைப் பிடித்து, இறங்கி வர வர அது தணிவதையும் பார்த்துக்கொண்டே வருவோம். அப்படிப் பார்த்தால் நம் தெருவில் முழங்கால் அளவு, தெருக்கோடிப் பள்ளிக்கூடம் நனையாது, அதனால் எல்லோரும் அங்கே ஓட வேண்டும் என்று வரைபடம் போட்டு ஒட்டியிருக்கிறோம். ஆனால் அந்தக் கணக்கில் பாலத்தின் நான்கு கண்களும் தண்ணீர் போகத் திறந்தே இருக்கின்றன. போன வாரத்துச் சின்ன வெள்ளத்துக்கே ஒரு கண்ணில் வேரோடு ஒரு மரமும் யார் வீட்டுச் சோபாவோ ஒன்றும் அடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். இரண்டு கண்களை மூடிவைத்துத் திரும்பக் கணக்குப் போட்டால், தண்ணீர் பாலத்தில் முட்டித் திரும்பி அந்த மாடியில்லாத பள்ளிக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மேலதிகாரியிடம் சொன்னேன். மேடம், சரிபார்க்காமல் வரைபடத்தை மாற்ற முடியாது, அதுவரை வாயைத் திறந்து ஊரைக் கிளப்பிவிடாதீர்கள் என்றார்.

சரி, வாயை மூடிக்கொண்டு அப்பாவை மட்டும் மாடிக்கு ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். படுத்த படுக்கையாக இருப்பவரை ஒருத்தியாகத் தூக்க முடியுமா, எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன், நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம், என்னை மேலே அனுப்ப உனக்கு இவ்வளவு அவசரமா என்று அப்பா வழியெல்லாம் கேலி. படி திரும்பும் இடத்தில் நாற்காலியைப் பிடித்தபடியே அவள் நின்றுவிட்டாள். ஏன்க்கா, இவரை மட்டும் மாடிக்கு ஏத்துறீங்க, எங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிப் படம் ஒட்டுறீங்க, அப்ப நாங்கல்லாம் யாரு என்றாள். கனம் என் கையில் பாதி, அவள் கையில் பாதி. சொல்லிவிட்டேன்.

இப்போது மாடியில் உன் அறையில் அவளும் மூன்று பிள்ளைகளும், வராந்தாவில் பாதித் தெரு, கால் நீட்ட இடமில்லை. மேலதிகாரி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், நான் எடுக்கவில்லை. வேலை போனால் போகட்டும். என் கணக்கு தப்பாகி, எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டே படியிறங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சண்டை போடாதே, நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. கீழே கூடத்து போனுக்குக் கூப்பிடாதே, என் செல்லுக்கே கூப்பிடு. அங்கே மணி அடித்தால் நீதான் என்று, யாரையாவது கீழே இறங்கி எடுக்கச் சொல்லுவார் அப்பா.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா