கப்பிள் ஆஃப் டேஸ்

அன்புள்ள சிட்டுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீ சுகமாக இருப்பது அனுப்பிய படத்திலேயே தெரிகிறது, கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது, யார் கைச் சாப்பாடு என்பதும் தெரிகிறது. போனில் பேசினால் நீ சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வருடம் கப்பிள் ஆஃப் டேஸ் வரேம்மா என்று செய்தி அனுப்பினாய். அது எத்தனை நாள் என்று உன்னிடம் கேட்க எனக்குக் கூச்சம். நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவளின் அம்மாவுக்கு இதுகூடத் தெரியாதா என்று நீ நினைத்துவிட்டால்? ஓட்டல் சலவைக்கூடத்தில் எங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். கப்பிள்னா ரெண்டுதாங்க்கா, புருஷன் பொண்டாட்டி மாதிரி, மூணாவது வந்தா வம்பு என்றார். தலையணை உறைகளையே நாங்கள் இரண்டிரண்டாகத்தான் மடித்துக் கட்டுகிறோம், அவர் சொன்னது சரியாகவே பட்டது. இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். நீ நான்கு நாள் இருந்தாய். மூன்றாம் நாள் காலை நீ போர்வைக்குள் இருக்க, நான் ஈர விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். அன்றும் மறுநாளும் உன்னை ஆண்டவள் கீழ்வீட்டுத் தையல்காரி. சாயங்காலம் நான் வந்தபோது நீ அவள் கட்டிலில் கால் நீட்டி, அவள் தைத்த சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டு, உன் ஆபீஸ் கதை முழுவதையும் சொல்லி முடித்திருந்தாய். எனக்கு மிச்சம் வைத்தது உன் தலைவலி ஒன்றுதான். அன்றிலிருந்து அவள் எதைச் சமைத்துக் கொடுத்தனுப்பினாலும் உப்பு குறைவு என்று அப்பாவிடம் சொல்கிறேன். குறைவில்லை.

அவளாவது கீழ்வீடு. உன் அறைத்தோழியின் அம்மா யார்? அவர்கள் வீட்டுக்கும் கப்பிள் ஆஃப் டேஸ் என்றுதான் போனாய், ஒன்பது நாள் கழித்துத் திரும்பினாய். விரல் மடக்கி எண்ணினேன், ஒரு கை போதவில்லை. தையல்காரியிடம் துணி கொடுக்க வந்த ஆங்கில டீச்சரைப் பிடித்துக் கேட்டேன். கட்டிக்கிட்டவங்களைச் சொன்னா ரெண்டே பேர்தான், நாள் கணக்குல சொன்னா ரெண்டு, மூணு, ஒண்ணு அதிகமாகூட இருக்கலாம், நாமளும் ரெண்டு நாள்ல வரேன்னு சொல்லிட்டு ஒரு வாரம் கழிச்சுப் போறதில்லையா என்றார். ஒன்பது வரைக்கும் நீளுமா என்றேன். ஒன்பதா, அந்த வீட்டை விட்டு வர மனசு இருந்திருக்காது என்று சிரித்தார். மறுநாள் நான் மடித்த விரிப்பு ஒன்றுகூட மூலைக்கு மூலை சேரவில்லை.

அப்பா, உனக்குப் பொறாமைடி என்கிறார். ஆமாம், பொறாமைதான். அந்த அம்மா உன்னைக் கண்ணு என்று கூப்பிட்டு எழுப்புகிறாராம், நீயே சொன்னாய், சொல்லும்போது உன் குரல் குழைந்தது. நான் உன்னை ஒருநாளும் அப்படி எழுப்பியதில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு எழுந்திரிடி என்று அதட்டியே வளர்த்துவிட்டேன். அவருக்கு அவசரமில்லாத காலையில் நீ கிடைத்திருக்கிறாய்.

அடுத்த மாதம் இங்கே கப்பிள் ஆஃப் டேஸ், பிறகு அங்கே கப்பிள் ஆஃப் டேஸ் என்று இப்போது மறுபடி எழுதியிருக்கிறாய். அங்கே எத்தனை, இங்கே எத்தனை என்று கேட்டு உன்னை நெருக்கமாட்டேன். பன்னிரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், மேற்பார்வையாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யாருக்குக்கா கல்யாணம் என்றார். நீ இங்கே இருக்கும் ஒவ்வொரு காலையும் நான் வீட்டில்தான். மீதி நாளுக்கு உன்னோடு நானும் அங்கே வருகிறேன். அந்த அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவை. சண்டைக்கு இல்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்து, அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. அங்கே போக டிக்கெட் எடுக்கும்போது எனக்கும் சேர்த்து எடு, மறந்துவிடாதே.

உன்னைப் பெற்றவள்,
அம்மா