பாம்புக் காதுக்காரிக்கு

என் பாம்புக் காதுக்காரிக்கு,

நீ, பாப்பா, அம்மாவின் முழங்கால் எல்லோரும் நலமா? நான் நன்றாக இருக்கிறேன். இதை இரண்டு முறை படித்துவிட்டு மீதியைப் படி.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடா வருடம் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில், டாக்டரம்மா என் நெஞ்சில் வைத்த ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவே இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், இதயத்தின் நடுச்சுவரில் பிறவியிலிருந்தே பொட்டளவு ஓட்டை. பயப்படாதே. என்னுடையதுபோல் சின்ன ஓட்டை வழியாக ரத்தம் பீறிடும்போதுதான் சத்தம் அதிகமாம். மருந்து வேண்டாம், வேலைக்கும் தடையில்லை. பல்லிலிருந்து கிருமி இதயத்துக்குப் போகாதபடி வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, சில வருடங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தால் போதும்.

"இத்தனை வருஷமா யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டார்.

"கல்யாணமான புதுசுலயே என் சம்சாரம் சொன்னா, உள்ள யாரோ உஸ்ஸு உஸ்ஸுங்கறாங்கன்னு. நான்தான் சிரிச்சேன்."

"அப்போ கண்டுபிடிச்சது நான் இல்ல, அவங்கதான்!"

மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டு அவர்களிடமும் அதையே சொன்னார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாப்பாவையும் டாக்டரிடம் காட்டச் சொன்னார். அதற்கு முன் நீ ஒருமுறை காது வைத்துப் பார். இந்தப் பக்கம் யாராவது வந்தால் நம் வீட்டுப் பல்பொடி கொடுத்தனுப்பு.

கம்பெனி வண்டி ஹார்ன் அடிக்கிறது. அந்த மாணவர்கள் வரிசையில் நின்று என் நெஞ்சைக் கேட்டார்கள். ஒருவர்கூட உன்னைப் போல் கேட்டபடியே தூங்கிப்போகவில்லை.

உன் உஸ்ஸுக்காரன்