மோகனப்ரியாவைப் பற்றி எழுதிக் கொடுத்தது

3 ஜூலை 2003, வியாழன்
இன்றும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை லைன் அறுந்தது. நாலு கம்ப்யூட்டர், இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரே டெலிபோன். வெளிநாட்டுக்காரர்கள் புண்ணியத்தில் திருவொற்றியூர்க் குப்பத்துக்கு இன்டர்நெட் வந்திருக்கிறது. பதிலுக்கு மாசாமாசம் அவர்கள் சைட்டில் போட ஒரு பிள்ளையின் ‘கதை’ வேண்டும். மோகனப்ரியாவைப் பற்றி நான் ஆங்கிலத்தில் எழுதியதை டிரஸ்ட் நடத்துகிற கிருஷ்ணப்பன் சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். “அப்பா லாஞ்சுல கடலுக்குப் போறாரு, அம்மா மீன் விக்கிறாங்க, பொண்ணு நல்லாப் படிக்குது. இதுக்கு எவன்யா காசு அனுப்புவான்? மனசு இளகுற மாதிரி எழுதுப்பா.”

4 ஜூலை
இளகுகிற மாதிரி எழுதினேன். அப்பா குடிகாரர், பெண் கரையில் சிந்திய மீனைப் பொறுக்கித் தின்றவள். நிஜத்தில் அவள் அப்பா மாரியப்பன் அண்ணன் பீடிகூடத் தொடமாட்டார். எவனோ எங்கேயோ படிக்கப் போகிறான். இங்கே யாருக்குத் தெரியும்?

12 ஆகஸ்ட்
நெட்டில் தேடுவது எப்படி என்று இன்று சொல்லிக் கொடுத்தேன். பையன்கள் கிரிக்கெட் தேடினார்கள். மோகனப்ரியா எங்கள் டிரஸ்ட்டின் பெயரை அடித்தாள். படம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது — அவள் முகம். கைதட்டினாள். அப்புறம் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டினாள்.

“சார், ட்ரங்கர்டுன்னா இன்னா சார்?”

லைன் அறுந்து தொலையக்கூடாதா! இன்றைக்குப் பார்த்து அறுந்துபோகவில்லை. தெரியலம்மா, டிக்‌ஷனரி பாக்கணும் என்றேன். டிக்‌ஷனரி என் மேஜைமேல்தான் இருந்தது. அவளே எடுத்துப் பார்த்தாள்.

13 ஆகஸ்ட்
வரவில்லை.

14 ஆகஸ்ட்
மாரியப்பன் அண்ணன் வந்தார். கத்தவில்லை, வாசலிலேயே நின்றார்.

“இன்னா வெற்றி, நான் குடிச்சிட்டு உருண்டுகினு கீறேன்னு எழுதிக்கீறியாமே. எந்தக் கடையாண்ட பாத்த? சொல்லு நைனா.”

“மேல கேட்டாங்கண்ணே.”

“உங்கப்பன் குடிச்சாரே. அவரப் பத்தி எழுதறதுதான?”

எங்கப்பா குடிச்சுத்தான் செத்தாரு. அதை எழுதுவேனா நான்? செருப்பால அடிச்சிருந்தாக்கூடத் தேவலாம்.

22 ஆகஸ்ட்
மோகனப்ரியா வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் தானே தட்டித் தட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் அனுப்பினாள். என் அப்பா குடிக்க மாட்டார். நான் பொறுக்கித் தின்றதில்லை. என் படத்தை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான், ஒரு தப்பும் இல்லை. மெயில் அனுப்பக் கற்றுக்கொடுத்தவன் நான் என்று எனக்குப் பெருமை வேறு. வெட்கங்கெட்டவன்.

9 செப்டம்பர்
கிருஷ்ணப்பன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. மெயிலைப் பார்த்து அவர்கள் அசந்துபோய்விட்டார்களாம். “இந்த மாதிரி வீட்டுப் பொண்ணு தானாவே இங்கிலீஷ்ல எழுதுதே!” இன்னும் ஆறு கம்ப்யூட்டர் தருகிறார்களாம்.

படத்தை எடுக்கச் சொல்லியிருக்காளே சார் என்றேன். பாக்கலாம் பாக்கலாம் என்றார்.

17 அக்டோபர், வெள்ளி
ஆறு கம்ப்யூட்டரும் வந்து இறங்கின. மோகனப்ரியா இந்தப் பக்கமே வருவதில்லை. மார்க்கெட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள், என்னைக் கண்டதும் திரும்பிக்கொண்டாள்.

சைட்டில் அவள் படம் அப்படியே இருக்கிறது. கீழே புதிதாக நாலு வரி: குடிகாரரின் மகள், இன்று தானே ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறாள். கடிதத்தில் என்ன எழுதினாள் என்பது இல்லை.

அந்த நாலு வரியையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.