ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர்
8.5.1994

அன்புள்ள உங்களுக்கு, கமலவல்லி நமஸ்காரத்தோடு எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பிச்சையம்மாளின் பசுதான் சௌக்கியமில்லை. அதற்குக் காரணம் உங்கள் அப்பா. அவருக்குக் காரணம் நீங்கள்.

லீவில் வந்தபோது அந்தப் பசுவின் கண்ணோரப் புற்றுக்கு ஐந்து நாள் ஊசி போட்டீர்கள். கட்டி சுண்டைக்காய் அளவுக்கு வற்றியது. மீதி ஐந்து குப்பிகளை நம் ஃபிரிட்ஜில் வைத்து, கம்பவுண்டர் ஐயாதுரை வந்து போடுவார் என்று சொல்லிவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறினீர்கள். அவரோ கோமாரி தடுப்பூசி முகாமென்று சேத்தூருக்குப் போய்விட்டார்.

அதற்குள் உங்கள் கடிதம். குப்பியில் இருக்கும் இண்டர்லூக்கின் என்பது மாட்டு இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் புரதம், உடம்பின் சொந்தப் படையையே புற்றின் மேல் ஏவிவிடும் என்று இரண்டு பக்கம் பாடம். யார் கேட்டார்கள்? வெளியில் வைத்தால் கெட்டுவிடும் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. நான் உரக்கப் படிக்க, உங்கள் அப்பா இரத்தம் என்ற இடத்திலேயே எழுந்துவிட்டார். பெருமாள் அமுது கண்டருளும் பாலுக்குப் பக்கத்திலா என்று, நான் கோயிலுக்குப் போன நேரத்தில் குப்பிகளை வாழைமட்டையில் ஏந்திக் கொல்லை மாடத்தில் வைத்துவிட்டார். சித்திரை வெயிலில் நான்கு நாள்!

ஐயாதுரை வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். அம்புட்டும் போச்சும்மா, இனி இது வெறுந்தண்ணி என்றார். கட்டி இப்போது நெல்லிக்காய் அளவு. பிச்சையம்மாளுக்கு இருப்பது அந்த ஒரு மாடு. தினமும் வாசலில் வந்து, டாக்டரய்யா எப்ப வருதாக என்று மட்டும் கேட்கிறாள். திட்டினாலாவது தேவலை. அடிமாட்டுத் தரகர் இரண்டு முறை வந்து போய்விட்டார். இருபதாம் தேதி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறாளாம்.

உங்கள் அப்பா செய்வதைக் கேளுங்கள். ஃபிரிட்ஜைத் தானே துடைத்து, கீழ்த்தட்டில் வாழையிலை விரித்து, சேஷு மருந்து கொண்டு வருவான், யாரும் இதில் கைவைக்கப்படாது என்கிறார். மணிக்கொரு தரம் திறந்து வேறு பார்க்கிறார். உள்ளே இருக்கிற குளிரெல்லாம் போகிறது. சொன்னால் கேட்டால்தானே!

இனி விளக்கம் எழுதாதீர்கள். யாரிடமும் கொடுத்தனுப்பவும் வேண்டாம். ஐஸ் ஃபிளாஸ்கோடு நீங்களே வாருங்கள், இருபதாம் தேதிக்குள். மருந்துக்கு இடம் வேண்டுமென்று பெருமாள் பாலை அப்பா வெளியே எடுத்து வைத்துவிட்டார். மூன்று நாளாகத் திரிகிறது. அப்போதும் உள்ளே வைக்க விடமாட்டேன் என்கிறார்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
கமலவல்லி