சிவப்பு டேக் கட்டிய கைக்கோடரி

என் உயிர் மச்சான் மாரி,

உன் கல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிவிட்டது! வேறு எதையும் முதலில் சொல்ல என்னால் முடியவில்லை. என் வலைப்பதிவில் ஊரே படிக்கட்டும், ஆனால் சேதி உனக்குத்தான்.

ஒரகடத்தில் நம் கம்பெனிக்குப் பின்னால் புது ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோதுதானே அதை எடுத்தாய்? ஆன்லைனில் கற்காலக் கருவிகளின் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியமானவர்கள் நாம். இரண்டு பக்கமும் செதுக்கி, முனை கூராக இருந்தது. கைக்கோடரி என்று ஒரே பார்வையில் சொன்னோம். லைனில் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"இன்னாடா, யார் வூட்டு அம்மி உடைஞ்சுது?" என்றார் சூப்பர்வைசர்.

வாலாஜாபாத் பக்கத்து ஒற்றை அறை அருங்காட்சியகத்தில் கொடுக்கக் கிளம்பினோம். எங்கே கிடைத்தது என்று எழுதாத கல் வெறும் கல்தான் என்று நீ நிறுத்தினாய். நம் இன்ஸ்பெக்‌ஷன் மேசையிலும் டேக் இல்லாமல் ஒரு பீஸ் நகராதே. ஆனால் உன் சட்டைப் பையில் இருந்தது சிவப்பு டேக் மட்டும்.

"ஏலே, இது கழிச்ச பீஸுக்குக் கட்டுறதுல்லா?" என்றாய்.

"கட்டு மச்சான், பளிச்சுனு தெரியும்" என்றது நான்தான்.

பின்பக்கம் இடம், ஆழம், உன் பெயர் எல்லாம் எழுதி அருங்காட்சியக வாட்ச்மேனிடம் கொடுத்தோம். அடுத்த மாதமே ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன ஞாயிறுதான் அங்கே போகத் தைரியம் வந்தது. பழைய காசுகள், பானை ஓடுகள், ஒரு நடுகல். உன் கல் மட்டும் இல்லை. காப்பாளர் மேடத்திடம் கேட்டேன்.

"செவப்பு டேக் போட்டதா? ரிஜெக்ட்னு பெருசா போட்டிருந்துச்சேப்பா. யாரோ பாத்துட்டு வேணாம்னு கழிச்சதுன்னு நெனச்சோம். பின்னாடி கூடையில கெடக்கும். நாளைக்குக் கொட்டச் சொல்லியிருக்கேன்."

நான் கட்டச் சொன்ன டேக், மாரி. உன் கல்லை நானே கழித்துவிட்டேனா?

கூடையைக் கவிழ்த்தேன். அடியில் இருந்தது.

"டேக்கைத் திருப்பிப் படிங்க மேடம்."

படித்தார். லென்ஸை எடுத்து வந்து கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஆழம் வரைக்கும் அளந்து எழுதியிருக்காரே. இங்க வர்ற கல்லுல பாதிக்கு ஊர் பேரே கெடையாது. யாருப்பா இந்த மாரிமுத்து? வரச் சொல்லு, பாக்கணும்."

"அவனால வர முடியாது மேடம்" என்றேன். புரிந்துகொண்டார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, காசுகளை ஓரம் தள்ளி, நடுவில் உன் கல்லை வைத்தார். ஒரு அட்டையை எடுத்தார்.

"தொழிலாளின்னு எழுதட்டுமா?"

"கண்டுபிடிச்சவர்னு எழுதுங்க மேடம்."

உன் ஊரையும் கேட்டு எழுதினார். கண்டுபிடித்தவர்: மாரிமுத்து, சங்கரன்கோவில்.

இன்று சூப்பர்வைசரை என் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். அட்டையைப் படித்தவர், "நம்ம மாரியாடா?" என்றார். செல்லில் படம் எடுத்து லைன் முழுக்க அனுப்பிவிட்டார். இப்போது ஆளாளுக்கு அந்தக் குழி எங்கே என்று என்னைத்தான் கேட்கிறார்கள்.

ஆயுத பூஜை லீவில் உன் அம்மாவைக் கூட்டி வருகிறேன், இது சத்தியம். அவருக்குப் படிக்க வராது. உன் பெயரை நான் சத்தமாக வாசிப்பேன். மேடத்திடமும் கேட்டுவைத்திருக்கிறேன். அன்றைக்குப் பெட்டியைத் திறந்து, கல்லை அம்மாவின் கையில் கொடுப்பார்களாம்.

உன் அம்மாவுக்கு இன்னொரு மகன்,
வடக்குப்பட்டு தினேஷ்