ஈர வெங்காயம், காம்பு மிளகாய்

காலையில் உன் கடை மிளகாய் மூட்டையைப் பிரித்ததும் தும்மல் வந்தது. "தும்மல் வருதா, அப்ப சரக்கு நல்லாருக்கு லா" என்று எதிர்க்கடையிலிருந்து நீ கத்துவாய் என ஒரு கணம் காத்து நின்றேன். நீ இருக்கும்போது அனுப்பியதில் கடைசி மூட்டை இதுதான்.

அந்த நேரம் பார்த்துத் தொலைக்காட்சியில், எல்லையில் சுட்டுக்கொண்ட இரண்டு பக்கத்து நாடுகளின் தலைவர்கள் இங்கே கோலாலம்பூரில் சமாதானக் கையெழுத்துப் போட்டார்கள். கடையில் எல்லாரும் கைகுலுக்கலைப் பார்த்தார்கள். நான், எந்தச் சாமானை எந்தப் பக்கம் விடப் போகிறார்கள் என்று தேடினேன். உன் பழக்கம்தான். வரி, எல்லைச் சந்தை எல்லாம் இனிமேல்தான் பேசுவார்களாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இந்தக் கிள்ளான் தெருவில் நாமும் அப்படித்தானே இருந்தோம். நீயும் வெங்காயம், நானும் வெங்காயம். போட்டிக்கு விலையைக் குறைத்தே இருவரும் தேய்ந்தோம். முதல் சமாதானத்தில் என் கை ஓங்கியிருந்தது. நீ வெங்காயமே விற்கக் கூடாது என்றேன். தலையாட்டினாய். தீபாவளிக்குள் உன் கடை வாசலில் வெங்காயம் மலையாகக் குவிந்திருந்தது. ஒருத்தன் பிழைப்பைப் பூட்டிவிட்டு வாங்கிய சம்மதம் நாட்டுக்கு நாடானாலும் அவ்வளவுதான் தாங்கும்.

இரண்டாவது பேச்சில் நீதான் வழி சொன்னாய். மிளகாய் உனக்கு, வெங்காயம் எனக்கு; அவனவன் கடைக்கு வேண்டியதை மற்றவனிடம்தான் வாங்க வேண்டும். "வாராவாரம் சின்னதா சண்டை போட ஒரு சாமான் வேணும். அப்பத்தான் பெருசா போட மாட்டோம்" என்றாய். அன்றிலிருந்து என் வெங்காயம் ஈரம் என்று நீ திட்டினாய். உன் மிளகாயில் காம்பு அதிகம் என்று நான் திட்டினேன். அப்படியே சிநேகிதமும் ஆகிவிட்டோம்.

நீ கண்ணை மூடிய பிறகு கடையைப் பார்ப்பது உன் மகள். போன வாரம் வந்தாள். "அங்கிள், வெங்காயத்த இனிமே நாங்களே போர்ட்ல நேரா எடுக்கலாம்னு பாக்குறோம். கோவிச்சுக்காதீங்க." ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதைதான் பயமாக இருக்கிறது. என் மகன், "அப்ப நாமளும் மிளகாய நிறுத்திடுவோம்பா" என்கிறான். பழைய சண்டையை இருவருமே பார்த்ததில்லை.

தொலைக்காட்சியை விட்டு எழுந்தேன். மகனிடம் சொல்லாமல், அவள் கேட்காத வெங்காயத்தை இரண்டு மூட்டை எதிர்க்கடைக்கு அனுப்பினேன். அடுத்த வாரத்து மிளகாய்க்கும் அவளிடமே சொல்லி அனுப்பினேன். மூட்டையை அவள் திருப்பி அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்தது. மதியமெல்லாம் உன் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் உன் கடை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு வெங்காயம்.

"அங்கிள், என்ன இது, இவ்ளோ ஈரமா இருக்கு? அடுத்த வாரமும் இப்படி அனுப்பாதீங்க லா." தெருவே திரும்பிப் பார்த்தது.

அடுத்த வாரம் என்றாள், கேட்டாயா? செருமிக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"உங்க மிளகாய் மட்டும் என்னம்மா, பூராவும் காம்பு" என்றேன், அவளைவிடச் சத்தமாக.